பீங்கான் ஊரில் ஒரு வாரத் தமிழ்ப் பாடம்

நடுநிலை வகுப்பில் ஒரு வாரத்துக்கான தமிழ்ப் பாடத்தைத் திட்டமிடும்போது வெள்ளிக்கிழமையைத்தான் முதலில் எழுத வேண்டும். அன்று மாலை பிள்ளைகள் எதைத் தாமாகவே எழுதவும் பேசவும் போகிறார்கள் என்பது முடிவாகிவிட்டால், மற்ற நான்கு நாட்களில் எதைக் கற்பிப்பது, எதை விடுவது என்பது தெளிவாகும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. திங்களன்று செய்யுள், செவ்வாயன்று உரைநடை எனப் பாடநூலின் வரிசையிலேயே பாடக்குறிப்பு எழுதப்படுகிறது. வார இறுதியில் பக்கங்கள் முடிந்திருக்கும். பிள்ளைகளால் புதிதாக என்ன செய்ய முடிகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களில் இப்படி ஒரு வாரத்தை அமைக்கத் தேவையானவை நிறையவே இருக்கின்றன. 2019-இல் வெளிவந்த எட்டாம் வகுப்புத் தமிழ் நூலில் ஒன்பது இயல்கள். ஒவ்வொன்றிலும் கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம், கற்கண்டு என்னும் இலக்கணப் பகுதி, அதன்பின் ‘மொழியை ஆள்வோம்’, ‘மொழியோடு விளையாடு’ பயிற்சிகள். இயல் முழுவதும் ஒரு வாரத்துக்குள் அடங்காது. அதிலிருந்து ஒரு நோக்கத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கோப்பதுதான் வாரத் திட்டம்.

‘குழலினிது யாழினிது’ என்ற ஐந்தாம் இயல், கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்கென்றே எழுதியதுபோல் அமைந்திருக்கிறது. அதன் உரைநடைப் பாடம் ‘நாட்டுப்புறக் கைவினைக் கலைகள்’. மண்பாண்டமும் சுடுமண் சிற்பமும் அதில் வருகின்றன. செய்யுளில் ஒன்று சுந்தரர் பாடிய திருக்கேதாரப் பதிகப் பாடல். விருத்தாசலமோ பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் செராமிக் தொழிற்பேட்டையும் இங்கே உள்ளன. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் கிடைக்கும் களிமண் அருகிலேயே இருக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, கோப்பை, மின்சாரப் பியூஸ் கட்டை எனப் பலவும் இங்கே சூளை ஏறுகின்றன. வகுப்பில் சிலருடைய அம்மாவோ மாமாவோ இந்த வேலையில் இருக்கக்கூடும்.

ஆகவே வெள்ளிக்கிழமை இலக்கை இப்படி வைக்கலாம்: ஒரு பீங்கான் பொம்மை எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்திராத ஒருவருக்கும் விளங்கும்படி, படிகள் வரிசை மாறாமல், எழுத்து வழக்கில் ஒன்றரைப் பக்கம் எழுதுதல்.

திங்களன்று உரைநடைப் பாடம். ஆசிரியர் வரிக்கு வரி வாசித்து விளக்குவதைவிட, பிள்ளைகள் மௌனமாக வாசித்துப் புதுச் சொற்களை அடிக்கோடிட்டு, குழுவாக மனவரைபடம் வரைவது நல்லது. படைப்பாற்றல் கல்வி முறை மூலம் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இது பழகியதுதான்.

செவ்வாயன்று செய்யுள். பாடலை இசையோடு இருமுறை சொன்னபின், சுந்தரருக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இங்கே அவர் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்ற வழக்கையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். இந்தக் கதையைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வாய்மொழியாகச் சொல்லட்டும். முதலில் நடந்தது, அடுத்து நடந்தது என்று கோவையாகச் சொல்லும் பழக்கம்தான் வெள்ளிக்கிழமைக் கட்டுரைக்கும் வேண்டியது.

புதன்கிழமைதான் வாரத்தின் உயிர்நாடி. பொம்மைத் தொழிலில் இருப்பவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பிள்ளைகளே பேட்டி காண வேண்டும். கேள்விகளை முன்பே எழுதிக்கொள்வது அவசியம். “எப்படிச் செய்வீங்க?” என்று மட்டும் கேட்டால் ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். “அக்கா, அச்சுலேருந்து எப்ப எடுப்பீங்க? சீக்கிரமே எடுத்துட்டா என்ன ஆகும்?” என்று கேட்டால் தொழில் முழுவதும் வெளியே வரும். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டிப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. நடுவில் மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிடுவதால் பொம்மையின் உள்ளே வெற்றிடம் கிடைக்கிறது. சற்று இறுகியபின் அச்சைப் பிரித்து, பிசிறு நீக்கி, காயவைத்துச் சூளையில் அடுக்குகிறார்கள். ஈரம் மிச்சமிருந்தால் சூட்டில் வெடிக்கும். ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘இல்லாவிட்டால்’ போன்ற சொற்கள் ஒரு கட்டுரைக்கு ஏன் தேவை என்பதை இந்தக் காரண காரியத் தொடர் தானே காட்டிவிடும். கேட்ட பேச்சு வழக்கைப் பிள்ளைகள் அப்படியே குறித்துக்கொண்டு, பிறகு எழுத்து வழக்குக்கு மாற்றட்டும். பேச்சைத் தவறு என்று ஒதுக்குவது பெரிய பிழை; தொழிலின் சொற்களெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கின்றன.

வியாழனன்று இலக்கணம். இந்த இயலின் கற்கண்டு தொகைநிலை, தொகாநிலைத் தொடர்கள். முந்தைய நாள் குறிப்பேட்டிலேயே எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். ‘சுடுமண்’ சுட்ட மண், சுடுகின்ற மண், சுடும் மண் என மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் வினைத்தொகை. ‘செம்மண்’ பண்புத்தொகை. ‘சட்டிபானை’ உம்மைத்தொகை. ‘மண்பானை’ என்பது மண்ணால் ஆகிய பானை என விரிவதால், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நீளமான அந்தப் பெயர் பிள்ளைகளை மிரட்டும். பானையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் மிரட்டாது. ‘சூளை எரிந்தது’ எழுவாய்த் தொடர், ‘சுட்ட பொம்மை’ பெயரெச்சத் தொடர், ‘அடுக்கிச் சுட்டார்’ வினையெச்சத் தொடர். அன்மொழித்தொகையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பதில் தவறில்லை. வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடம் கட்டுரையின் முதல் வரைவுக்கு.

வெள்ளியன்று வரைவுகளை இருவர் இருவராக மாற்றிப் படிக்க வேண்டும். படிப்பவர் எந்தப் படி விளங்கவில்லையோ அங்கே ஒரு கேள்விக்குறி இடுவார். எழுதியவர் திருத்தி மறுபடி எழுதுவார். ஆசிரியர் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் சுழிக்காமல், இந்த வாரம் வரிசையையும் ல, ள, ழ வேறுபாட்டையும் மட்டும் பார்த்தால் போதும்.

சரளமாக வாசிக்க இயலாத பிள்ளைகள் எந்த நடுநிலை வகுப்பிலும் இருக்கிறார்கள். 2025-26 கல்வியாண்டில் தமிழ்நாடு அரசு ‘திறன்’ திட்டத்தைக் கொண்டுவந்தது இவர்களை மனத்தில் வைத்துத்தான். வாரத் திட்டத்தில் இவர்களுக்கென வேறு பொருள் கொடுத்து ஒதுக்கிவிடக் கூடாது. அதே பொம்மையை ஆறு படங்களாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வாக்கியம் எழுதச் செய்யலாம். பேட்டியில் முதல் கேள்வியை இவர்களே கேட்கட்டும்.

மதிப்பெண்ணுக்காகத் தனித் தேர்வும் தேவையில்லை. முழுமையான தொடர் மதிப்பீட்டு முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. பேட்டியும் கட்டுரையும் அந்த 40-க்குள் வரும் செயல்பாடுகளே. பாடக்குறிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று மாலையில் இரண்டு வரி எழுதினால், அடுத்த ஆண்டு அதே இயலுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

புதன்கிழமை வர இசைபவரிடம் முந்தைய வாரமே பேசிவைக்க வேண்டும். கொலுவும் கார்த்திகை தீபமும் நெருங்கும் நாட்களில் பொம்மைக்கும் அகலுக்கும் வேலை நெருக்கும். அந்த வாரங்களைத் தவிர்த்துத் திட்டமிடுவது நல்லது.