காசு கொடாப் பிரயாணிகள்

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தூரம். இந்தச் சிறு தூரத்துக்குள் ஒரு பஸ் பிரயாணி பல தடவை ராஜ்யம் மாறிவிடுகிறார். கோலியனூரும் நமது வளவனூரும் தமிழ்நாடு. மதகடிப்பட்டில் புதுச்சேரி ஆரம்பம். கண்டமங்கலத்தில் மறுபடியும் தமிழ்நாடு. சிறிது தூரம் போனதும் மீண்டும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் போட்ட எல்லைக்கோடு மட்டும் இன்னும் போகவில்லை. ஆனால் இத்தனை எல்லைகளாலும் பாதிக்கப்படாமல், எங்கும் ஒரே சீராக நடந்து வரும் காரியம் ஒன்று உண்டு. டிக்கட் வாங்காமல் பிரயாணம் செய்யும் காரியந்தான் அது.

இதில் கைதேர்ந்தவர்கள் யார், எந்தத் தெருவாசிகள் என்று பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கனவானைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லுவார்: “வேறு யார் சார்? படிக்கட்டில் தொங்குகிற பையன்களும் ஊர்க்கோடிக் குடிசை ஜனங்களுந்தான்!” அவர் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள நம்மால் முடியவில்லை. இந்தத் தடத்தில் ஆண்டுக்கணக்கில் போய் வருகிறோம். நாற்று நடப் போகும் கூலிக்காரர் ஏறும்போதே சில்லறையைக் கையில் எண்ணி வைத்திருப்பதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறோம். பரிசோதகரிடம் அகப்பட்டால் கௌரவமாகப் பேசித் தப்பும் சாமர்த்தியம் தமக்கு இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சாமர்த்தியம் இருப்பது நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களிடம். கோலியனூருக்கு டிக்கட் வாங்கிக்கொண்டு, கண்ணயர்ந்ததுபோல் தலையைச் சாய்த்தபடி விழுப்புரம் வரையில் போகிறவர் பத்திரிகை படிக்கிறவர்தான். “டிக்கட் வேண்டாம், பாதியை வைத்துக்கொள்ளப்பா” என்று கண்டக்டரிடம் தணிந்த குரலில் வியாபாரம் பேசுகிறவரும் வீட்டில் பிள்ளைகளுக்கு நீதி நூல் சொல்லிக் கொடுப்பவராக இருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் விசேஷமானது குழந்தைகளின் வயது. தமிழ்நாட்டு அரசு பஸ்களில் முன்பு மூன்று வயது வரையில் குழந்தைகளுக்கு டிக்கட் இல்லை. 2022-இல் அது ஐந்து வயதாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் பன்னிரண்டு வரையில் அரை டிக்கட். இனிமேலாவது பொய் சொல்லும் அவசியம் குறையும் என்றுதானே நினைப்போம்? நடந்தது என்னவென்றால், ஐந்து வயதுக் குழந்தையை மூன்றாக்கிக் கொண்டிருந்தவர்கள் இப்போது எட்டு வயதுப் பையனை ஐந்தாக்குகிறார்கள். உபாத்தியாயர் என்ற முறையில் நமக்கு இதில் ஒரு தனி வேடிக்கை தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும்போது இதே தகப்பனார் வயது நிறையாத பிள்ளைக்கு இரண்டு மாதத்தைக் கூட்டச் சொல்லி மன்றாடுவார். ஒரு தடவை பஸ்ஸில் ஓர் அம்மாள் மகனை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, “இன்னும் அஞ்சு முடியலைங்க” என்றார். பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இல்லை, எனக்கு ஏழு! நான் ரெண்டாம் கிளாஸ்!” என்று பஸ் முழுவதும் கேட்கும்படி அறிவித்தான். பஸ்ஸே சிரித்தது. அம்மாள் அரை டிக்கட்டை வாங்கினார். பையன் தொடையில் ஒரு கிள்ளும் வாங்கினான். உண்மை பேசினால் கிள்ளு விழும் என்ற பாடத்தை அன்று அவன் கற்றுக்கொண்டானே, அதைப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் நாம் திருத்துவது?

“இந்தச் சில்லறைக் காசுக்கு இவ்வளவு பேச்சா?” என்று நேயர்கள் கேட்கலாம். காசு சில்லறைதான். அது யார் தலையில் விடிகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 178-வது பிரிவு ஒன்று இருக்கிறது. டிக்கட் இல்லாத பிரயாணிக்கு 500 ரூபாய் வரையில் அபராதம் என்பது பலருக்குத் தெரியும். பஸ்ஸிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு, காசு வாங்கிக்கொண்டு டிக்கட் கொடுக்கத் தவறும் கண்டக்டருக்கும், குறைந்த தொகைக்கு டிக்கட் கொடுக்கும் கண்டக்டருக்கும் அதே 500 ரூபாய் வரையில் அபராதம் விதிக்கிறது. ஏட்டில் இருவரும் சமம். நடைமுறையில் பிரயாணி அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். கண்டக்டருக்கோ இலாகா விசாரணை காத்திருக்கிறது.

அந்த விசாரணை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹரியானா வழக்கு ஒன்று சான்று. அரசு பஸ் ஒன்றைப் பறக்கும் படையினர் சோதித்தார்கள். காசு கொடுத்தும் டிக்கட் பெறவில்லை என்று பதினொரு பிரயாணிகள் சொன்னதாக அறிக்கை எழுதினார்கள். கண்டக்டர் வேலை போயிற்று. அந்தப் பிரயாணிகளில் ஒருவரைக்கூட விசாரணைக்கு அழைக்கவில்லையே என்று அவர் வாதாடினார். கீழ்க்கோர்ட்டுகள் அவர் பக்கம் தீர்ப்புச் செய்தன. உச்ச நீதிமன்றமோ, இலாகா விசாரணைக்குக் கோர்ட்டுச் சாட்சிய விதிகள் அவ்வளவு கண்டிப்பாகப் பொருந்தா. பரிசோதகரின் சாட்சியமே போதும் என்று சொல்லி, வேலை நீக்கத்தை உறுதி செய்துவிட்டது. தீர்ப்பின் சட்ட நியாயத்தை நாம் குறை சொல்லவில்லை. அந்தப் பதினொரு பேர் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறோம்.

பேட்டைக்குப் பேட்டை இந்த வழக்கம் எப்படி இருக்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்த நகரம் நியூயார்க். அங்கே கண்டக்டர் கிடையாது. ஏறுகிறவரே பெட்டியில் கட்டணம் செலுத்தவேண்டும். 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் டிரைவரைக் காப்பதற்காகப் பின்கதவு வழியே இலவசமாக ஏறச் சொன்னார்கள். ஆகஸ்ட் முடிவில் இலவசம் நின்றது, பழக்கம் நிற்கவில்லை. பஸ் பிரயாணிகளால் மட்டும் 2022-ஆம் ஆண்டில் 31½ கோடி டாலர் நஷ்டம் என்று அந்நகரப் போக்குவரத்து நிறுவனம் அமைத்த குழு 2023-இல் கணக்கிட்டது. ஏழைகள் மிகுந்த பிராங்க்ஸ் பகுதியில் இது அதிகம் என்பது உண்மையே. ஆனால் எல்லாப் பேட்டைகளிலும், எல்லா வருமானக்காரர்களிடையும் இது இருக்கிறது என்று அதே குழு எழுதி வைத்தது. அங்கேயும் போலீசாரிடம் அதிகமாக அகப்படுகிறவர்கள் ஏழைகளும் கறுப்பு நிறத்தவருந்தான்.

கட்டணம் கொடாமை எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1953-இல் கல்கத்தாவில் டிராம் கம்பெனியார் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தினார்கள். அது அப்போது பிரிட்டிஷாருடைய கம்பெனி. ஜனங்கள் உயர்த்திய பைசாவைக் கொடுக்க மறுத்து, பகிரங்கமாக ஏறி உட்கார்ந்தார்கள். அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். கடைசியில் உயர்வு வாபஸாயிற்று. முகத்தைக் காட்டி, “கொடுக்கமாட்டேன், என்ன செய்வாய்?” என்று கேட்பது ஒன்று. தூங்குவதுபோல் பாவனை செய்வது வேறொன்று. 1947-இல் சுதந்திரம் வந்தவுடன், “நம்முடைய ரயில்தானே!” என்று பலர் டிக்கட் இல்லாமல் ஏறத் தொடங்கியபோது, ஆயுள் முழுவதும் மறியலும் ஒத்துழையாமையும் கற்பித்த காந்தியடிகளே அதைக் கண்டித்துப் பிரார்த்தனைக் கூட்டங்களில் பேச நேர்ந்தது.

இப்போது தமிழ்நாட்டில் டிக்கட்டுக்குக் காசே இல்லாத பிரயாணிகளும் இருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை ‘ஓசி’ என்று ஓர் அமைச்சர் 2022-இல் மேடையில் சொல்லப்போய்ப் பெரிய ரகளை ஆயிற்று. கும்பினியார் காலத்தில் தபால் கட்டணம் இல்லாத சர்க்கார் கடிதத்தின்மேல் பொறித்த இரண்டு ஆங்கில எழுத்துகளிலிருந்து அந்தச் சொல் பிறந்ததாக ஒரு கதை உண்டு. கதை நிஜமானால் முதல் ஓசிக்காரர் கும்பினியாரே! இந்தத் திட்டத்தில் பெண்கள் இனாமாகப் போவதாக எண்ணுவது சரியல்ல. அவர்களுக்காகச் சர்க்கார் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. தொடங்கியபோது அதற்கு 1,200 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். எத்தனை பேர் போனார்கள் என்பதற்குக் கண்டக்டர் கொடுக்கும் பணமில்லாச் சீட்டுத்தான் கணக்கு. ஆகவே, “எனக்கு எதற்குச் சீட்டு?” என்று வாங்காமல் இறங்குகிற படித்த அம்மாள், தம்மை அறியாமலே கழகத்தின் கணக்கில் ஒரு தலையைக் குறைத்துவிடுகிறார்.

வளவனூர்ச் சந்தைக்கு வரும் கிழவிகள் அப்படி இல்லை. கூடையை ஏற்றி வைத்த கையோடு, “எஞ்சீட்டைக் குடு தம்பி” என்று கேட்டு வாங்கி, வெற்றிலைச் சுருக்குப் பைக்குள் வைத்துக் கயிற்றை இழுத்துவிடுகிறார்கள். பரிசோதகர் ஏறும் நாளில் முன் வரிசையில் சுருக்குப் பைகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. கண்டக்டர் இன்வாய்ஸை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் கண் மட்டும் பின் வரிசையில், இஸ்திரி போட்ட சட்டைப் பைகளைத் துழாவும் கைகளின் மேலேயே இருக்கிறது.