கோட்டைக் காவலரும் கோட்டையும்

ஒரு கோஷ்டிக்குப் பல வருஷம் தலைமை வகித்து, அதன் தற்காப்பு வரிசைக்கு அரணாக நின்ற ஆட்டக்காரரை வயது முதிர்ந்ததும் அனுப்பிவிடலாமா? அல்லது செய்த சேவையைக் கருதி வைத்துக்கொள்வதுதான் முறையா? இது விளையாட்டு மைதானத்தோடு முடிந்துபோகும் சிறு விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை. பலர் கூடி நடத்தும் ஸ்தாபனம் எதுவானாலும் ஒரு நாள் இக்கேள்விக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும். ஸ்பெயின் தேசத்து ரியல் மாட்ரிட் கால்பந்துச் சங்கத்தில் 2021-ம் வருஷம் இக்கேள்வி எழுந்த விதமும், அது தீர்க்கப்பட்ட விதமும் ஆராயத்தக்கவை.

ஸெர்ஜியோ ராமோஸ் தமது பத்தொன்பதாம் வயதில், 2005-ம் வருஷம், ஸெவில்லா சங்கத்திலிருந்து மாட்ரிட் வந்தார். பதினாறு வருஷத்தில் 671 பந்தயங்கள் ஆடினார். பின்வரிசையில் நின்று எதிரியைத் தடுப்பதே தொழிலாயிருந்தும் 101 கோல்கள் போட்டார். சங்கம் அக்காலத்தில் அடைந்த 22 வெற்றிக் கோப்பைகளில் அவருக்குப் பங்குண்டு. 2014-ல் லிஸ்பனில் நடந்த ஐரோப்பிய இறுதிப் பந்தயத்தை யார் மறப்பார்? அட்லெடிகோ கோஷ்டி ஒரு கோல் முன்னணியில் நின்றது. குறித்த தொண்ணூறு நிமிஷம் கழிந்து, தோல்வி நிச்சயமென்று யாவரும் முடிவு கட்டிய வேளையில், ராமோஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குள் பாய்ந்தது. ஆட்டம் நீடித்தது, 4-1 என்று மாட்ரிட் ஜயித்தது. 2015 முதல் அவரே கோஷ்டித் தலைவர். அவர் தலைமையில் 2016, 2017, 2018 ஆகிய மூன்று வருஷமும் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பை கிடைத்தது. இவ்வளவு செய்தவரிடம் சங்கம் கடன்பட்டிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆயினும் காலம் யாருக்கும் தயை காட்டுவதில்லை. 2021 மார்ச்சில் ராமோஸுக்கு முப்பத்தைந்து வயது நிறைந்தது. அதற்கு முந்திய மாதமே முழங்காலில் சஸ்திர சிகிச்சை நடந்திருந்தது. பின்னர் வேறு காயமும் சேர்ந்தது. அந்தப் பருவம் முழுவதிலும் அவர் ஆடியவை 21 பந்தயங்களே. ஏப்ரலில் லிவர்பூலை எதிர்க்க வேண்டியிருந்தபோது ராமோஸும் இல்லை, அவருடைய துணைவரான வரானும் இல்லை. மிலிடாவும் நாச்சோவும் நடுவில் நின்று காத்தனர், மாட்ரிட் முன்னேறியது. மே மாதம் செல்ஸிக்கு எதிரே, நெடுநாள் ஓய்வுக்குப் பின் தலைவரே களத்தில் இறங்கினார். மாட்ரிட் 2-0 என்று தோற்றது. தோல்விக்கு அவர் ஒருவரையே பொறுப்பாளியாக்குவது அநியாயம். ஆனால் அரண் ஒரு மனிதரை மட்டும் நம்பி நிற்கவில்லை என்பதை அவ்விரு பந்தயங்களும் காட்டின.

முப்பது வயது கடந்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்பந்தத்தை நீட்டுவதில்லை என்பது அச்சங்கத்தின் வழக்கம். அதன்படியே, சம்பளக் குறைப்புடன் ஒரு வருஷம் தருவதாகச் சொன்னார்கள். ராமோஸ் இரண்டு வருஷம் கேட்டார். கடைசியில் ஒரு வருஷத்துக்கே அவர் இசைந்தபோது, கெடு கடந்துவிட்டதென்று பதில் வந்தது. கெடு ஒன்று உண்டென்பதே தமக்குத் தெரியாதென்று அவர் ஜூன் 17-ந் தேதி பிரிவுபசாரத்தில் பகிரங்கமாகச் சொன்னார். பின்பு பாரிஸ் நகரத்துச் சங்கத்தில் சேர்ந்தார்.

அடுத்த வருஷம் நடந்ததென்ன? அலாபாவும் மிலிடாவும் காத்த மாட்ரிட், ஸ்பெயின் லீகையும் ஐரோப்பியக் கோப்பையையும் ஒருங்கே வென்றது. வழியில் தோற்ற கோஷ்டிகளுள் பாரிஸும் ஒன்று. அப்பந்தயங்களில் ராமோஸ் காயத்தால் ஆட முடியாமல் இருந்தார். ஆகவே அவரை விட்டது சரியென்பதே நம் அபிப்பிராயம்.

எனினும் இதிலிருந்து முதியோரையெல்லாம் தள்ளிவிடலாமென்று முடிவு செய்வது பெரும் பிசகு. மிலான் சங்கத்து மால்டினி 2007-ல் ஐரோப்பியக் கோப்பையைக் கையிலேந்தியபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. நாற்பத்தொன்றை நெருங்கும் வரையில் ஆடினார். மாட்ரிட்டிலேயே மோட்ரிச் வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தத்துக்கு இசைந்து 2025 வரையில் இருந்தார். ஆகையால் வயது மட்டும் அளவுகோல் ஆகாது. பழைய புகழும் ஆகாது. உடலில் வலுவுண்டா, சங்கத்தின் விதிக்கு எல்லாரையும்போல் உட்படுகிறாரா, அவர் இடத்தில் நிற்க ஒருவர் தயாராயிருக்கிறாரா என்ற மூன்றையுமே பார்க்க வேண்டும். மூன்றாவதே முக்கியம். மாட்ரிட் தப்பியது அதிர்ஷ்டத்தால் அன்று. மிலிடாவை 2019-லேயே வாங்கிப் பழக்கிவைத்தார்கள்; ராமோஸ் விடைபெறுமுன்னரே அலாபாவையும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வாரிசைத் தயார் செய்யாமல் தலைவரை நீக்கும் சங்கம், மாற்றுச் சுவர் எழுப்பாமல் பழைய சுவரை இடிக்கும் வீட்டுக்காரனுக்குச் சமானம்.

நாம் குறை காண்பது முடிவில் அன்று, முறையில். ரியல் மாட்ரிட் தனி முதலாளியின் சொத்தன்று, அங்கத்தினர்களுடையது. அக்கிராசனரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுடையதே. அப்படிப்பட்ட ஸ்தாபனத்தில், பதினாறு வருஷம் உழைத்தவருக்குக் கெடுவை முன்கூட்டித் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாமா? தொற்றுநோய்க் காலமாதலால் அந்தப் பருவத்துப் பந்தயங்கள் ஜனங்களில்லாத மைதானத்தில் நடந்தன. ஆகவே அவரை நேரில் வாழ்த்தி அனுப்பும் பாக்கியம் அங்கத்தினருக்குக் கிட்டவில்லை. இதற்கு முன் 2015-ல், மற்றொரு தலைவரான காஸில்யாஸ் தன்னந்தனியாக உட்கார்ந்து கண்ணீருடன் விடைபெற்ற காட்சியை உலகம் கண்டது. ஆற்றைக் கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யார் நான் யார் என்ற பழமொழியை மெய்ப்பிப்பதா ஒரு பெரிய சங்கத்துக்கு அழகு? பிந்திக் கிடைத்த வெற்றி முந்திச் செய்த அவமரியாதையை நியாயமாக்கிவிடாது.

தேசத்தொண்டிலும் பொதுக்காரியங்களிலும் ஈடுபட்டுள்ள நம் வாசகர்களுக்கு இதில் பாடமுண்டு. கோட்டை காவலருக்காக இல்லை, காவலர்தான் கோட்டைக்காக. இதைத் தலைவர்கள் மறக்கலாகாது. ஆனால் உள்ளே நின்று காப்பவர்கள், தாங்கள் விடைபெறும் நாளில் வாயிற்படி வரையில் வந்து வழியனுப்ப ஒருவரேனும் இருப்பாரென்று நம்பியே நிற்கிறார்கள். இதைச் சங்கங்கள் மறக்கலாகாது. விடவேண்டிய காலத்தில் விடுவதற்குத் துணிவு வேண்டும். கௌரவத்தோடு விடுவதற்குப் பண்பு வேண்டும். இரண்டும் உள்ள ஸ்தாபனமே தலைமுறை கடந்து நிற்கும்.