கவலை வாங்குங்கள்!

சாரத்தில் என் பக்கத்து அறை பேச்சிலர்கள், தொப்பைக்குப் பயந்து எண்ணெயையே தலைமுழுகிவிட்டார்கள். 'தோசைகூட வேணாம் சார், இட்லி போதும்!'

அவசரப்படாதீங்க தம்பி, என்றேன். 1929-ல் அமெரிக்காவில் பர் தம்பதி, கொழுப்பே இல்லாத தீனியை எலிகளுக்குப் போட்டார்கள். வளர்ச்சி குன்றியது, வால் செதில் செதிலானது!

லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்க நம் உடம்புக்குத் தெரியாது. சாப்பாட்டில்தான் வரவேண்டும். முதலாவது, நல்லெண்ணெயில் தாராளம். இரண்டாவது, ஒமேகா-3 வகை. ஆளி விதையில் உண்டு. இதே வகையில் இதயத்துக்கு நல்லதைச் செய்கிற இரண்டு அமிலங்கள் மீனில் ரெடிமேடாகவே கிடைக்கும்.

வஞ்சிரம் விலை கேட்டு மயங்க வேண்டாம். கூடைக்காரம்மாவிடம் கவலை மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள். சைவமா? ஆளி விதையை வறுத்து இட்லிப் பொடியில் அரையுங்கள். மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய்.

எண்ணெயைக் குறைக்கலாம், ஒழிக்கக் கூடாது!