சாவிக்கு ஒரு காரணம் மகரந்தப் பைக்குள்ளே இருக்கு

கதிர் வாங்கி நிற்கும்போது வயல் பார்க்க நல்லாத்தான் இருக்கும். அறுத்துத் தூற்றும்போதுதான் சாவி எவ்வளவு என்று தெரியும். எங்கள் மகாராஜபுரம், வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணையையும் கண்மாயையும் நம்பித்தான் நெல் போடுகிறோம். சாவி விழுந்தால் "சத்து பத்தலை", "நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சிருச்சு" என்பார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் பூக்கும் முன்னாலேயே மகரந்தப் பைக்குள் நடக்கும் ஒரு வேலையை நாம் பேசுவதில்லை. எண்ணெய் பூசும் வேலை அது.

ஒவ்வொரு நெல் பூவிலும் 6 மகரந்தப் பைகள். பையின் உட்சுவரை ஒட்டி ஒரு செல் அடுக்கு இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு டபீட்டம் என்று பேர். வளரும் மகரந்தத்துக்குச் சோறு போடுவது இதுதான். மகரந்தத்தின் கெட்டியான ஓட்டுக்கு வேண்டிய கொழுப்புப் பொருளையும் இதுவே தருகிறது. கடைசியில் தானே சிதைந்து, தன்னிடம் மிஞ்சிய எண்ணெயையும் புரதத்தையும் மகரந்தத்தின் மேல் பூசிவிட்டுப் போகிறது.

பரங்கி ஆண் பூவைத் தொட்டுப் பாருங்க. விரலில் மஞ்சளாய்ப் பிசுபிசு என்று ஒட்டும். அந்தப் பிசுபிசுப்பு இந்த எண்ணெய்ப் பூச்சுதான். தேனீயின் மேல் மகரந்தம் ஒட்டிக்கொள்வது அதனால்தான். நெல், சோளம் போன்ற புல் இனங்களில் பூச்சு ரொம்ப மெல்லிசு. மகரந்தம் பொடியாய் உதிரும். ஆனாலும் அந்த மெல்லிசுப் பூச்சு இல்லாவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

2018-இல் சீன ஆய்வாளர்கள் ஒரு நெல் வகையில் இதைக் கண்டார்கள். மரபணுக் குறையால் அதன் மகரந்தப் பூச்சில் சில கொழுப்பு அமிலங்கள் குறைவு. காற்று வறண்டிருந்தால் மகரந்தம் சீக்கிரம் காய்ந்துபோய், சூல்முடியில் ஒட்டி முளைக்கவில்லை, கதிர் சாவியானது. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தபோது அதே பயிர் மணி பிடித்தது. ஈரத்தைக் காக்கும் போர்வைதான் இந்த எண்ணெய் என்பது இதிலிருந்து விளங்கும்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, தொண்டைக்கதிர் சமயத்தில் தண்ணீர். டபீட்டம் வேலை செய்வது கதிர் வெளிவருவதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள்தான். அப்போது வயல் காய்ந்தால் மகரந்தம் உள்ளேயே மலடாகும். கதிர் வந்தபிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அது திரும்பாது. கண்மாயில் தண்ணீர் குறைவு என்றால், முறை வைக்கும்போது தொண்டைக்கதிர் வயலுக்கு முதலில் விடுங்க.

இரண்டாவது, பூக்கும் நேரம். நெல் பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மதியத்துக்குள் பூக்கும். உதிர்ந்த மகரந்தத்துக்கு உயிர் சில நிமிஷம்தான். தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். அதனால் அந்த நேரத்தில் பஞ்சகவ்யாவோ, சோப்பு கலந்த வேப்பெண்ணெயோ எதுவும் தெளிக்க வேண்டாம். இயற்கை இடுபொருள் என்றாலும் பூவுக்கு ஈரம் ஈரம்தான். சாயங்காலம் தெளியுங்க.

மூன்றாவது, விதைக்கும் நாள். பூக்கும் வேளையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் சாவி கூடும். உங்கள் ரகத்தின் வயதைக் கணக்குப் போட்டு, பூக்கும் வாரம் கடும் வெயிலில் சிக்காதபடி நாற்று விடுங்க. இந்த மூன்றுக்கும் கைக்காசு செலவில்லை.