ஆணி அடிக்காமலே பாத்ரூம் சீரானது!

காஞ்சிபுரத்தில் எங்களைப் போன்ற நெசவுக் குடும்பங்கள் வாடகைக்கு வீடு பார்ப்பதே தனி ரகம். "தறிக்குழி இருக்கா? ஜக்கார்டு பெட்டி மாட்ட உயரம் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்போம். அப்புறம் சமையலறை. பாத்ரூம் புறக்கடையில் இருக்கிறது என்று சொன்னால் போதும், சரி என்று அட்வான்சைக் கொடுத்துவிடுவோம். அதன் லட்சணம் குடி வந்த பிறகுதான் தெரியும்.

பிள்ளையார்பாளையத்தில் இப்போது நாங்கள் இருப்பது மூன்றாவது வாடகை வீடு. கூடத்தில் தறிக்காகக் குழி தோண்ட விட்ட ஓனர் அம்மா, பாத்ரூம் விஷயத்தில் மட்டும், "சுவத்துல ஆணி கீணி அடிச்சிடாதேம்மா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேடிக்கைதான். ஆனாலும் அவர் சுவர், அவர் பேச்சு.

என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. இங்கே வந்த ஒரு மாதத்திலேயே பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால், "தாகம் இல்லம்மா" என்பார். கடைசியில் என் மகளிடம்தான் உண்மையைச் சொன்னார்: "அந்த வழுக்கல்ல ராத்திரி யாரு போறது கண்ணு?" வயதானவர்கள் தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைசுற்றல் என்று ஒவ்வொன்றாக வரும். அதற்கு மேல் நான் சும்மா இருக்கவில்லை.

எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் பிசுபிசுவென்று ஒரு படலம் படியும். அதன் மேல் பாசி பிடிக்கும். பலர் உடனே ஆசிட் பாட்டிலைத் தூக்குகிறார்கள். சிமென்ட் தரையையும் மொசைக்கையும் ஆசிட் அரித்துவிடும். எங்கள் தெருவில் ஒருவருக்கு வீடு காலி பண்ணும்போது தரை கெட்டது என்று அட்வான்சில் பிடித்துக்கொண்டார்கள். எங்களுடையது சிமென்ட் தரை. சோப்புத்தூளும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாலே படலம் போய்விடுகிறது. வாரம் ஒரு நாள் பிளீச்சிங் பவுடர் தூவி, பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கழுவுகிறேன். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள் சகோதரிகளே, விஷவாயு கிளம்பும். குழாயிலும் வாளியிலும் படிகிற வெள்ளை உப்புக்குப் பழைய புளியைக் கரைத்துத் தடவி ஊறவைத்தால் போதும். மொசைக் தரையில் புளிகூட வேண்டாம்.

கழுவின தரையில் ஓட்டை போட்ட ரப்பர் மேட் இரண்டு விரித்தேன். தினமும் தூக்கிச் சாய்த்து வைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் அடியிலேயே பாசி வளரும். ஆணியே தேவையில்லை, சுவரில் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்று கைப்பிடி விற்கிறார்கள். எங்கள் சுண்ணாம்புச் சுவரில் அது ஒட்டாது. டைல்ஸ் சுவரில் ஒட்டினாலும், வயதானவரின் உடம்புப் பாரத்தை நம்பி விடக்கூடிய பொருள் இல்லை அது. அதற்குப் பதில் அகலக் கால் உள்ள, கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியை மேட்டின் மேல் போட்டுவிட்டேன். அதில் உட்கார்ந்தே குளித்து, கையை ஊன்றி எழுந்துகொள்கிறார். கக்கூஸ் பீங்கானின் மேல் வைக்கிற கமோடு ஸ்டூலை மருந்து உபகரணங்கள் விற்கும் கடையில் வாங்கினோம். வேண்டாத நேரத்தில் ஓரமாக எடுத்து வைத்துவிடலாம்.

கரண்ட் போனாலும் எரிகிற இன்வெர்ட்டர் எல்இடி பல்பைப் பழைய ஹோல்டரிலேயே மாட்டியாயிற்று. புறக்கடைக்குப் போகும் வழிக்கும் ஒன்று.

மகள் வளர்ந்துவிட்டாள். பின் வீட்டு மாடியைப் பார்த்தபடி வென்டிலேட்டர் திறந்து கிடந்தது. பால் நிற பிளாஸ்டிக் ஷீட்டை அளவுக்கு வெட்டி, காற்றுக்கு மேலே நாலு விரல் இடம் விட்டு, கம்பியோடு சேர்த்துக் கட்டினார் என் கணவர். தறிக்காரர் முடிச்சாச்சே, அசையவே இல்லை! திரைக்கு, இரண்டு சுவருக்கும் நடுவில் முறுக்கினால் தானாக இறுகி நிற்கிற ஸ்பிரிங் கம்பி. துணி மாட்டக் கதவின் மேல் விளிம்பில் தொங்கவிடும் கொக்கி. பூப்போட்ட ஸ்டிக்கர் பேப்பர் பற்றிக் கேட்பீர்கள். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டாது, ஒட்டின இடத்தில் உரிக்கும்போது சுவரும் சேர்ந்து வரும். அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

எல்லாம் நம் தலையில்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது பைப் மாற்றுவது, வயரிங் இதெல்லாம் வீட்டுக்குச் சொந்தக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர் மாற்றுவதும் சாக்கடை அடைப்பு எடுப்பதும் நம் பொறுப்பு. சுவருக்குள் கசிந்த பைப்பைப் பற்றி நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். ஓனர் அம்மாவே பிளம்பரை அனுப்பினார். குழாயை நான் மாற்றினேன். பழைய குழாயை ஒரு பையில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். காலி பண்ணும் அன்று அதை மாட்டிவிட்டுப் புதுசைக் கழற்றிக்கொண்டு போவேன்.

2019-ல் அத்திவரதர் வைபவம் நடந்த 48 நாளும் உறவுக்காரர்கள் மாற்றி மாற்றி வந்து தங்கினார்கள். அப்போது வாங்கின ஸ்பிரிங் கம்பியும் கதவுக் கொக்கியும்தான் இந்த மூன்றாவது வீட்டிலும் உழைக்கின்றன. அந்த இரண்டு போக, மேட், நாற்காலி, கமோடு ஸ்டூல், பல்பு, குழாய் எல்லாம் சேர்த்து இந்தத் தடவை இரண்டாயிரத்து சொச்சம் ஆனது. கமோடு ஸ்டூல்தான் அதில் பெரிய செலவு. மாமியார் இப்போதெல்லாம் படுக்கும் முன் தானாகவே சொம்பை எடுத்து வைத்துக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. சுண்ணாம்புச் சுவரில் நிற்கிற, எடுத்தால் தடம் தெரியாத சோப்புப் பெட்டி எங்கேயாவது பார்த்த சகோதரிகள் இருந்தால் எழுதுங்களேன். இப்போதைக்கு வென்டிலேட்டர் கம்பியிலிருந்து கயிற்றில்தான் தொங்குகிறது.

- ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.