சாலைக் கடைத்தெருவில் மின் வண்டி: பட்டறைக்குப் போகாமலே பழுது நீங்குமா?

திருவனந்தபுரத்தில் 'சாலை' என்றால் அது கடைத்தெருவையே குறிக்கும் என்பது இங்கு வாழும் தமிழர் யாவரும் அறிந்ததே. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய இச்சந்தை, கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கிறது. மாட்டு வண்டியும் கைவண்டியும் சரக்கு இழுத்த தெருவில் பின்னர் டீசல் வண்டிகள் வந்தன. இப்போது சத்தமும் புகையும் இல்லாத மின் வண்டிகளும் வந்து சேர்ந்துள்ளன.

அவற்றோடு புதிய பழக்கம் ஒன்றும் வந்திருக்கிறது. காலையில் வண்டியை எடுக்கப் போனால், அதன் திரையிலோ கைப்பேசியிலோ 'அப்டேட் வந்திருக்கிறது, ஏற்றலாமா?' என்ற கேள்வி தோன்றுகிறது. அண்ணாச்சி கடைச் சரக்கைக் காத்திருக்க வைத்துவிட்டு இதற்குச் சம்மதிக்கலாமா? சம்மதித்தால் அன்றையக் கூலி போய்விடுமா? வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது சிறிய கேள்வியல்ல.

வண்டிக்குள் இருக்கும் மூளை

பழைய வண்டியை இயக்கியவை இரும்பும் எண்ணெயும். மின் வண்டியிலோ பாட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுப்பது, மோட்டாருக்கு எப்போது கொடுப்பது, எந்தச் சூட்டில் நிறுத்துவது என்பதையெல்லாம் சிறிய கணிப்பொறிகள் தீர்மானிக்கின்றன. அவற்றுக்குச் சொல்லிவைத்த கட்டளைத் தொகுப்பே மென்பொருள். அதைத் திருத்தினால் வண்டியின் நடத்தையும் மாறிவிடும்.

இத்திருத்தத்தை நிறுவனம் கைப்பேசிச் சிம் வழியாகவோ வைஃபை வழியாகவோ அனுப்புகிறது. வந்த கோப்பு உண்மையில் நிறுவனம் அனுப்பியதுதானா என்று வண்டியே ரகசியக் குறியீட்டைக் கொண்டு சரிபார்க்கும். பிறகு வண்டி நிற்கும் வேளையில் பழைய கட்டளைகளின் இடத்தில் புதியவை ஏறும். அது முடியும்வரை வண்டியை ஓட்ட இயலாது. சில திருத்தங்கள் சில நிமிடங்களில் முடியும். சில அதைவிட நேரம் பிடிக்கும்.

ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும்

நாகர்கோவில் பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள் நெய்யாற்றின்கரைக்கு அருகே ஆறாலும்மூட்டில் கேரள ஆட்டோமொபைல்ஸ் ஆலையைப் பார்த்திருப்பார்கள். கேரள அரசின் அந்நிறுவனம் 2019-இல் 'நீம் ஜி' என்ற மின் ஆட்டோவை வெளியிட்டது. ஆனால் மின் ஸ்கூட்டர்களில் பெயர் பெற்ற பலவற்றின் பிறப்பிடம் தமிழகமே. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகிய இருவர் 2013-இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்துக்கும், டி.வி.எஸ். நிறுவனத்துக்கும் ஓசூரில் ஆலைகள் உண்டு. ஓலா ஸ்கூட்டர் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகிறது.

2018-இல் வந்த ஏத்தர் 450 ஸ்கூட்டர் தொடக்கம் முதலே காற்று வழியாகத் திருத்தம் பெற்றுவரும் வண்டி. ஓலாவின் கதை வேறு விதமானது. 2021 டிசம்பரில் ஸ்கூட்டர்களை ஒப்படைக்கத் தொடங்கியபோது, அறிவித்த வசதிகளில் பல அவற்றில் இல்லை. சீரான வேகத்தில் செல்லும் வசதி, சிக்கன ஓட்டம், வழிகாட்டும் படம் ஆகியவை 2022 ஜூனில் 'மூவ் ஓ.எஸ். 2' என்ற திருத்தத்தின் மூலமே வந்து சேர்ந்தன. பணம் முழுவதும் கொடுத்தவர்கள் பொருளின் ஒரு பகுதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்!

நன்மை இல்லாமலில்லை

ஆயினும் இம்முறையின் பலன் பெரிது. அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் பத்திரிகை 2018 மே மாதம் டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் பிரேக் பிடித்தபோது, கார் 152 அடி ஓடித்தான் நின்றது. குறை வெளிவந்த சில நாட்களில் நிறுவனம் திருத்திய மென்பொருளைக் காற்று வழியே அனுப்பியது. மறு சோதனையில் கார் 133 அடியில் நின்றது. எந்தக் காரும் பட்டறை ஏறவில்லை.

தினக்கூலிக்காரருக்கு இதன் அருமை புரியும். பட்டறைக்குப் போகும் ஒரு நாள் என்பது வருமானம் இல்லாத ஒரு நாள்; தவணைக்காரர் மட்டும் அந்த நாளைக் கழித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் காற்று வழியே எல்லாமும் சரியாகிவிடாது. தேய்ந்த டயரையும் பிரேக் கட்டையையும் எந்த மென்பொருளும் புதிதாக்காது. கிழடு தட்டிய பாட்டரிக்கு இளமை திரும்பாது. அவற்றுக்கு மெக்கானிக்கின் கைதான் வேண்டும்.

சாவி யார் கையில்?

தூரத்தில் இருந்துகொண்டு வண்டியைச் செப்பனிடக் கூடியவர், தூரத்தில் இருந்துகொண்டே வண்டியைக் கட்டுப்படுத்தவும் கூடும். சில வசதிகளுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. தவணை தவறினால் வண்டியைத் தூரத்திலிருந்தே நிறுத்திவிடும் கருவியைப் பொருத்திக் கடன் கொடுக்கும் வழக்கமும் நாட்டில் இருக்கிறது. ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், அப்படி ஒரு நிபந்தனை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஐ.நா.வின் 156-ஆம் எண் வாகன விதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. திருத்தம் எதற்காக என்று உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். ஏற்றி முடிக்கப் போதிய மின்சாரம் இருந்தால்தான் தொடங்க வேண்டும். பாதியில் தடைப்பட்டால் வண்டி பழைய நிலைக்கோ பாதுகாப்பான நிலைக்கோ திரும்ப வேண்டும் என்று அது கூறுகிறது. கார்களுக்காக எழுதப்பட்டதாயினும், ஸ்கூட்டர் வாங்குபவரும் ஆட்டோ வாங்குபவரும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

சாலைக்காரர்களுக்குச் சில யோசனைகள்

திருத்தத்தை இரவில், வேலை முடிந்த பின் ஏற்றுவதே நல்லது. ஓணச் சந்தை நெரிசலில் காலை வேளையில் தொடங்குவது புத்திசாலித்தனம் அல்ல. கிட்டங்கியின் உள்ளே சிக்னல் கிடைக்காவிட்டால், கிடைக்கும் இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். பாட்டரியில் சார்ஜ் போதுமான அளவு இருக்கட்டும். ஏற்றிய மறுநாள் காலை சரக்கு ஏற்றும் முன், ஆளில்லாத இடத்தில் பிரேக்கையும் முடுக்கத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நலம். வேறுபாடு தெரிந்தால் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டு புகார் செய்ய வேண்டும்.

திருத்தத்தோடு வரும் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஊர்க் கடிதத்தைப் படித்துக் காட்டிய கணக்கப்பிள்ளைகள் இருந்த தெரு இது. இன்று கடையில் கணக்கு எழுதும் தம்பி, வண்டிக்கார அண்ணனுக்கு அந்தக் குறிப்பை இரண்டு நிமிடம் படித்துச் சொன்னால் அதுவும் பெரிய உதவியே. என்ன மாறப்போகிறது என்று தெரிந்த பிறகு சம்மதிப்பதுதான் உரிமையாளருக்கு அழகு.