ஆகஸ்ட்டில் அடைத்த தண்ணீர்

1995 ஜனவரி 17, விடிகாலை 5.46. ஜப்பானின் கோபே நகரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் மாண்டார்கள். தூண்களோடு சேர்ந்து பக்கவாட்டில் சரிந்து கிடந்த நெடுஞ்சாலைப் பாலத்தின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தண்ணீரைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கோ, கோபே என்றால் கடைகளில் விற்ற மினரல் வாட்டர் பாட்டில்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

கோபேயின் முதுகுப்புறம் நிற்பது ரொக்கோ மலை. கருங்கல் மலை. அந்த வட்டாரத் தண்ணீருக்கு ஜப்பானில் பெரிய பெயர் உண்டு. பக்கத்து ஊரான நிஷினோமியாவின் மியாமிசு என்ற கிணற்று நீரை நம்பித்தான் நாடா பகுதியின் சாக்கே மது ஆலைகள் பேர் வாங்கின. நிலநடுக்கத்தை உண்டாக்கிய பிளவுப் பகுதிக்கு அருகே 100 மீட்டர் ஆழமுள்ள இரண்டு கிணறுகள் இருந்தன. 1993 முதல் தினமும் அவற்றிலிருந்து இறைத்த நீரைப் பாட்டிலில் அடைத்து, இறுக மூடி, சந்தைக்கு அனுப்பிவந்தார்கள். பாட்டில்களில் அடைத்த தேதி இருந்தது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனோகாயும் வகிதாவும் நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் அடைத்த அந்தப் பாட்டில்களைச் சேகரித்துச் சோதித்தார்கள். 1994 ஆகஸ்ட் முதல், நிலம் நடுங்குவதற்குச் சற்று முன்பு வரை, குளோரைடும் சல்பேட்டும் சீராக ஏறிக்கொண்டே வந்திருந்தன. 1995லேயே ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அந்தக் கட்டுரையை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஐந்து மாதங்களாக அந்தத் தண்ணீரை ஊரே வாங்கிக் குடித்திருக்கிறது.

குளோரைடு பார்ப்பது எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அன்றாட வேலை. தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் பால் போல் வெண்மையாகக் கலங்கும். குளோரைடு முழுவதும் தீர்ந்ததும், அடுத்த சொட்டில் செங்கல் சிவப்பு எட்டிப் பார்க்கும். நிறுத்திவிட்டு அளவைப் படிக்க வேண்டும். கோபே பாட்டில்களில் தெரிந்த ஏற்றம் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் குளோரைடு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. “மேடம், நார்மல்னு எழுதிடவா?” என்று உதவியாளப் பெண் கேட்டால், யோசிக்காமல் “எழுதும்மா” என்றுதான் சொல்லியிருப்பேன். குடிப்பதற்கு அது நல்ல தண்ணீர். தனியாக ஒரு நாள் பாட்டிலைப் பார்த்தால் எதுவுமே தெரியாது. மாதக்கணக்கில் வரிசையாக அடுக்கிவைத்தால்தான் ஏற்றம் கண்ணில் படும்.

தண்ணீர் ஏன் மாறுகிறது? வேப்பங்குச்சியை வளைத்தால் முறிவதற்கு முன்பே உள்ளுக்குள் நார் நாராய்ப் பிரியும். அழுத்தம் ஏறிய பாறையிலும் பெரிய முறிவுக்கு முன் மயிரிழை விரிசல்கள் திறக்கின்றன. அதுவரை தனித்தனியே தேங்கியிருந்த நீர்கள் அவற்றின் வழியே கலக்கின்றன. பாறையின் புதிய பரப்புகளும் நீரோடு உரச, அவற்றிலிருந்து உப்புகள் கரைகின்றன. கருங்கல்லில் யுரேனியம் சிறிதளவு உண்டு. அது சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வாயு பிறக்கிறது. விரிசல் திறந்தால் ரேடானும் தண்ணீருக்குள் வந்துவிடும். 3.8 நாளில் அதில் பாதி அழிந்துவிடுவதால், தண்ணீரில் ரேடான் கூடியிருந்தால் அது அண்மையில் வந்தது என்று கொள்ளலாம். நிஷினோமியாவில் வேறொரு கிணற்றில் 1994 அக்டோபர் கடைசியில் ரேடானை அளக்கத் தொடங்கியிருந்தார்கள். டிசம்பர் முடிவதற்குள் அது நான்கு மடங்கானது. ஜனவரி 8 அன்று, அதாவது ஒன்பது நாள் முன்பு, பத்து மடங்கைத் தாண்டி, பிறகு இறங்கத் தொடங்கியது.

ரேடான் பற்றிய பேச்சு அதற்கும் முந்தையது. லால் பகதூர் சாஸ்திரி காலமான தாஷ்கண்டில் அதே 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதற்கு முன்பு அங்கே ஆழத்துக் கனிம நீரில் ரேடான் கூடியிருந்ததைச் சோவியத் அறிஞர்கள் பதிவு செய்தார்கள். எரிமலைப் பக்கம் கதையே வேறு. பாறைக்குழம்பிலிருந்து கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் மேலேறி நிலத்தடி நீரில் கரைவதால், அங்கே ஊற்றுகளின் அமிலத்தன்மையையும் சூட்டையும் பார்ப்பது வழக்கமான கண்காணிப்பு.

அப்படியானால் நிலநடுக்கம் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கலாமே என்று கேட்பவர்களிடம் நான் மழுப்புவதில்லை. முடியாது. கனமழை பெய்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடினாலும், காற்றழுத்தம் மாறினாலும்கூட அளவுகள் ஏறி இறங்கும். நிலம் நடுங்கிய பிறகு பழைய ஏட்டைப் புரட்டி, பொருத்தமான ஏற்றத்தை மட்டும் பொறுக்கிக் காட்டுவது சுலபம். ஏற்றம் இருந்தும் நிலம் அசையாத மாதங்களை யார் எண்ணினார்கள்?

அதனால்தான் ஐஸ்லாந்து எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் அலஸ்டேர் ஸ்கெல்டன் குழுவினர் அந்நாட்டின் வடக்கே ஒரே ஆழ்துளைக் கிணற்றின் நீரை 2008 முதல் 2013 வரை விடாமல் ஆராய்ந்தார்கள். 2012 அக்டோபரிலும் 2013 ஏப்ரலிலும் அங்கே ரிக்டர் 5-க்கு மேற்பட்ட இரண்டு நிலநடுக்கங்கள். இரண்டுக்கும் நான்கு முதல் ஆறு மாதம் முன்பு தண்ணீரின் கூறுகள் மாறியிருந்தன. மாற்றம் தற்செயலாக இருக்குமா என்று புள்ளியியல் முறையிலும் சோதித்த பிறகே, நிலநடுக்கத்தோடு தொடர்புண்டு என்று எழுதினார்கள். இரண்டே நிலநடுக்கங்கள், ஒரே கிணறு. போதாதுதான். ஆனால் அமைதியான மாதங்களும் அந்த ஏட்டில் இருக்கின்றன. கோபேயில் வியாபாரத்துக்காகத் தற்செயலாக அமைந்ததை இவர்கள் தெரிந்தே செய்தார்கள்.

நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையைச் சுற்றி 1967 டிசம்பர் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகும் இன்றுவரை நிலம் அடிக்கடி அதிர்கிறது. ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் அங்குள்ள ஆழ்துளைக் கிணறுகளின் நீரையும் சோதித்து வந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் சோதனை முடிந்த மாதிரியின் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. வாரம் ஒரு பாட்டில், அதே கிணறு, அதே ஆழம், இறுகிய மூடி, மேலே தேதி. வைக்க ஓர் அறையும், பத்திருபது ஆண்டுகளுக்கு அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.